இயோலானி அரண்மனையில் அசல் எது, பழுதுபார்த்தது எது, ஒரு நாள் கையில் இருந்தால் என்ன பார்க்கலாம்?

"அப்பா அம்மாவோடு ஹொனலுலு போகிறோம், கையில் முழுசாக ஒரு நாள்தான். இயோலானி அரண்மனை பழுதுபார்த்துப் புதுசாக்கியது என்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஐரோப்பிய மாளிகை மாதிரி இருக்கிறது. அங்கே போய் ஹவாய் பாரம்பரியம் என்ன தெரியப்போகிறது? பேசாமல் லுவாவ் என்கிற ஹவாய் விருந்துக்குப் போய் ஹுலா ஆட்டம் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு சந்தேகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, அங்கே இருப்பது அசலா இல்லை செட் போட்டதா என்பது. இன்னொன்று, மேல்நாட்டுப் பாணியில் கட்டிய வீட்டில் ஹவாய்க்காரர்களுடையது என்று சொல்ல என்ன இருக்கும் என்பது. நான் பழங்கட்டடப் பாதுகாப்பு படித்தவன், அருங்காட்சியக வேலையில் இருப்பவன். ஹொனலுலுவில் சில வருடங்கள் வசித்தபோது ஊரிலிருந்து வந்த விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டும் தனியாகவும் அங்கே நிறையப் போயிருக்கிறேன். ஆனால் நான் ஹவாய்க்காரன் இல்லை. அந்த இடம் அவர்கள் மனதில் என்னவாக இருக்கிறது என்பதைக் கேட்டதை வைத்துத்தான் சொல்ல முடியும், அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கட்டடம். கலாகௌவா என்ற மன்னர் கட்டியது. 1879 டிசம்பர் 31 அன்று, ராணி கபியோலானியின் பிறந்தநாளில், அடிக்கல் நட்டார்கள். 1882 கடைசியில் வேலை முடிந்தது. 1893 வரை அங்கே மன்னராட்சி நடந்தது. அதாவது அரண்மனையாக அது இருந்ததே பத்து, பதினோரு வருடம்தான். அதற்குப் பிறகு 1969 வரை அது அரசு அலுவலகம். முதலில் இடைக்கால அரசு, பிறகு ஹவாய்க் குடியரசு, பிறகு அமெரிக்கப் பிரதேச நிர்வாகம், 1959க்குப் பிறகு மாநில அரசு. சிம்மாசன மண்டபத்தில் கீழவை கூடியது, விருந்து மண்டபத்தில் மேலவை கூடியது. அரண்மனை என்ற பெயரையே எடுத்துவிட்டு 'நிர்வாகக் கட்டடம்' என்று கூப்பிட்டார்கள். 1935ல்தான் பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் ராணுவச் சட்டம் வந்த சமயத்தில், ராணுவ ஆளுநரும் அங்கிருந்துதான் ஆண்டார்.

எழுபது வருடத்துக்கு மேல் மேஜை, ஃபைல், தடுப்புச் சுவர், மின்கம்பி என்று ஓடிய கட்டடத்தில் அசல் எவ்வளவு மிஞ்சும்? வெளிச் சுவர், தூண்கள், அறைகளின் அமைப்பு எல்லாம் 1882ல் இருந்தவைதான். எலும்புக்கூடு அப்படியில்லை. 1930ல் உள்ளே இருந்த மரச் சட்டங்களை எடுத்துவிட்டு இரும்பும் கான்கிரீட்டும் வைத்தார்கள். கரையானும் கடற்காற்றும் இருக்கிற ஊரில் அதைக் குறை சொல்ல முடியாது. மாநில அரசு பக்கத்தில் புதிய சட்டமன்றக் கட்டடத்துக்குக் குடிபோனதும், 1966ல் தொடங்கிய 'இயோலானி அரண்மனை நண்பர்கள்' என்ற அமைப்பு முழுமூச்சாக மீட்பு வேலையில் இறங்கியது. அதைத் தொடங்கியவரே அரச குடும்பத்து வாரிசுகளில் ஒருவர். பழைய புகைப்படங்கள், ரசீதுகள், செய்தித்தாள் வர்ணனைகள், 1893க்குப் பிறகு எடுத்த சாமான் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் திரைச்சீலை, கம்பளம், சுவர் நிறம் வரைக்கும் திரும்பச் செய்தார்கள். 1978ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆகவே காலுக்கடியில் இருக்கும் கம்பளமும் சன்னலில் தொங்கும் சீலையும் மறுபடி நெய்தவை. அதை யாரும் மறைப்பதில்லை, வழிகாட்டியிடம் கேட்டால் எது எது என்று சொல்லிவிடுவார்.

சாமான்களின் கதை வேறு. 1893ல் கலாகௌவாவின் தங்கை ராணி லிலியுவொகலானியைப் பதவியிலிருந்து இறக்கிய பிறகு, ஆட்சிக்கு வந்தவர்கள் அரண்மனைப் பொருள்களைக் கணக்கெடுத்து ஏலம் விட்டார்கள். ஜப்தி செய்த வீட்டுச் சாமான் மாதிரி நாற்காலி ஒரு பக்கம், பீங்கான் ஒரு பக்கம், வெள்ளிப் பாத்திரம் ஒரு பக்கம் என்று போய்விட்டது. பாஸ்டனில் டேவன்போர்ட் நிறுவனத்திடம் சொல்லிச் செய்வித்த நாற்காலிகளும் அதில் அடக்கம். அவற்றைத் திரும்பத் தேடும் வேலை இன்றுவரை நடக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன, சிலர் தாத்தா வாங்கிய நாற்காலி என்று தாங்களே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். என் தொழில் கண்ணில் இந்த அரண்மனையின் பெருமை இதில்தான் இருக்கிறது. கிடைக்காத பொருளுக்குப் பதில் அந்தக் காலத்து நாற்காலி ஏதோ ஒன்றைக் கடையில் வாங்கிப் போட்டு அறையை நிரப்புவது சுலபம். பல ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே சில அறைகள் வெறிச்சென்று இருப்பதைப் பார்ப்பீர்கள். "இவ்வளவு தூரம் வந்து காலி அறையா" என்று அப்பா கேட்கலாம். அந்தப் பொருள்கள் எப்படிப் போயின என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

நிலவறைக் காட்சிக்கூடத்தில் மன்னர் கலாகௌவா, ராணி கபியோலானி இருவருடைய கிரீடங்களும் இருக்கின்றன. மன்னரின் கிரீடத்தைக் கண்ணாடிக்கு அருகே போய்ப் பாருங்கள். ஆட்சி கவிழ்ந்த சமயத்தில் அதில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்துத் திருடிவிட்டார்கள். இப்போது மின்னுபவை பின்னால் பதித்த மாற்றுக் கற்கள். சட்டம் அசல், கல் நகல். இந்தக் கட்டடம் முழுக்கவே இப்படித்தான்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். ஓலைக் குடிசையும் பூமாலையும் இருந்தால்தான் ஹவாய் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. அது சுற்றுலா விளம்பரம் கொடுத்த படம். 1843லேயே பிரிட்டனும் பிரான்சும் ஹவாயைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டன. பல நாடுகளுடன் ஒப்பந்தம், தூதரகம் எல்லாம் இருந்தது. எழுத்தறிவில் அன்றைய பெரிய நாடுகளுக்கே சவால் விடும் நிலை. 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வந்திருக்கின்றன. 1881ல் கலாகௌவா உலகைச் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றி வந்த முதல் மன்னர் அவர்தான். ஜப்பான், சீனா, சயாம், சிங்கப்பூர், ஜொகூர், கல்கத்தா, எகிப்து, ஐரோப்பா என்று போனார். ஜப்பானியச் சக்கரவர்த்தியிடம், ஆசிய நாடுகள் கூட்டாகச் சேரலாம், என் தங்கை மகளை உங்கள் இளவரசருக்குக் கட்டிவைக்கலாம் என்று பேசிப் பார்த்தார். கல்யாணம் கூடவில்லை. ஆனால் சில வருடத்தில், 1885ல், ஜப்பானியத் தொழிலாளர்கள் ஒப்பந்தப்படி வரத் தொடங்கினார்கள். திரும்பும் வழியில் நியூயார்க்கில் எடிசனைப் பார்த்து மின்விளக்கு பற்றி விசாரித்தார். 1887 வாக்கில் அரண்மனைக்குள் மின்விளக்கு எரிந்தது. வெள்ளை மாளிகைக்கு 1891ல்தான் வந்தது.

அந்த ஐரோப்பிய முகப்பு ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. சின்ன நாடுகளைப் பெரிய நாடுகள் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம். நாங்களும் நாகரிக நாடு, எங்களோடு சமமாக உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்ல ஒரு முகப்பு தேவைப்பட்டது. செலவு அதிகம் என்று கரும்புத் தோட்ட முதலாளிகள் அப்போதே திட்டினார்கள். கடன் ஏறியது உண்மை, அந்தத் திட்டில் கொஞ்சம் நியாயமும் உண்டு. திட்டியவர்கள் எல்லோரும் சிக்கனத்துக்காகத்தான் திட்டினார்கள் என்று மட்டும் நான் நம்பவில்லை.

உள்ளே போனால் ஹவாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பெரிய கூடத்தில் கோவா மரப் படிக்கட்டு இருக்கிறது. கோவா அந்தத் தீவுகளில் மட்டும் வளரும் மரம், வெளிச்சம் படுகிற பக்கத்துக்கு ஏற்ப அதன் ரேகை தேன் நிறத்திலிருந்து செம்மரமாக மாறும். சுவரில் ஹவாய் மன்னர்களின் ஓவியங்கள் வரிசையாக இருக்கும். சிம்மாசன மண்டபத்தின் சிவப்பையும் பொன்னிறத்தையும் பார்த்து மயங்கி நிற்காமல், சிம்மாசன மேடைக்கு முன்னால் நிற்கும் ஒரு கோலைத் தேடுங்கள். நார்வால் என்ற வடதுருவக் கடல் விலங்கின் முறுக்கிய தந்தம் அது, உச்சியில் பொன்னிறக் குண்டு. அரசர் இருக்கும் இடம் புனிதம், இதற்கு மேல் நெருங்காதே என்பதற்குப் பழைய காலத்திலிருந்தே இப்படிக் கோல் நட்டு அடையாளம் வைப்பார்கள். வழக்கம் பழசு, தந்தம் மட்டும் கலாகௌவாவின் ஆசை. பறவைச் சிறகுகளைக் கட்டிச் செய்த உயரமான அரசச் சின்னங்களும் அங்கே நிற்கும், காஹிலி என்பார்கள்.

ஹுலா பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? கிறிஸ்தவ மிஷனரிகளின் செல்வாக்கில் 1830ல் பொது இடத்தில் ஹுலா கூடாது என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு பல வருடங்கள் அது கிராமங்களில் ஒளிந்து வாழ்ந்தது. 1883 பிப்ரவரியில், பதவிக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து, கலாகௌவா முடிசூட்டு விழா நடத்தினார். கிரீடத்தைத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டார். விழாவில் பழைய பாடல்களும் ஹுலாவும் பகிரங்கமாக அரண்மனை மைதானத்திலேயே அரங்கேறின. நிகழ்ச்சி நிரலை அச்சிட்டவர்கள்மீது ஆபாசம் என்று வழக்கே போட்டார்கள். முடிசூட்டுக்காகக் கட்டிய அந்த மண்டபம் இன்றும் மைதானத்தில் இருக்கிறது, கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். உலகத் தோற்றத்தையும் அரச வம்சாவளியையும் சொல்லும் குமுலிபோ என்ற 2,000 வரிக்கும் மேலான வாய்மொழிப் பாடலை 1889ல் அச்சேற்றியதும் இதே மன்னர்தான். லுவாவ் விருந்தில் நீங்கள் பார்க்கப்போகும் ஆட்டத்துக்கு வேர் இந்த மைதானத்தில் ஓடுகிறது. அதனால் லுவாவ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பகலில் இதைப் பார்த்துவிட்டு மாலையில் அங்கே போனால் ஆட்டம் வேறு மாதிரித் தெரியும். சில லுவாவ்களில் தாஹிட்டி, சமோவா ஆட்டங்களைக் கலந்து வைப்பார்கள், தீப்பந்தம் சுழற்றுவது சமோவாக்காரர்களுடையது. அதையே ஹவாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம்.

மாடியில் மூலை அறை ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதற்காக மட்டுமே டிக்கெட் எடுக்கலாம். கலாகௌவா 1891ல் சான்பிரான்சிஸ்கோவில் இறந்தார். தங்கை லிலியுவொகலானி ராணியானார். 1887ல் துப்பாக்கி முனையில் மன்னரைக் கையெழுத்திட வைத்த அரசியல் சாசனம் ஒன்று இருந்தது. அதை மாற்றிப் புதிய சாசனம் கொண்டுவர ராணி முனைந்தார். 1893 ஜனவரி 16 அன்று யு.எஸ்.எஸ். பாஸ்டன் கப்பலிலிருந்து நூற்றறுபதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் ஹொனலுலுவில் இறங்கினார்கள். மறுநாள் எதிர்த்தெருவில் உள்ள அலியியோலானி ஹாலே என்ற அரசுக் கட்டடத்தில், பெரும்பாலும் வெள்ளைக்கார வியாபாரிகளும் வக்கீல்களும் சேர்ந்த ஒரு குழு, மன்னராட்சி முடிந்தது என்று அறிக்கை வாசித்தது. ரத்தம் சிந்த வேண்டாம் என்று ராணி எதிர்ப்புக் கடிதம் கொடுத்துவிட்டு விலகினார். 1895ல் அவருடைய ஆதரவாளர்கள் கிளர்ச்சி செய்து தோற்றார்கள். ராஜதுரோகம் நடக்கப்போவது தெரிந்தும் மறைத்தார் என்று ராணிமீது ராணுவ விசாரணை. அதை நடத்திய இடம் அவருடைய சிம்மாசன மண்டபமேதான். ஐந்து வருடக் கடுங்காவலும் 5,000 டாலர் அபராதமும் விதித்து, கடைசியில் அந்த மாடி அறையில் ஏறக்குறைய எட்டு மாதம் பூட்டி வைத்தார்கள்.

அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய ஒட்டுப்போர்வை இருக்கிறது. பட்டு, வெல்வெட் துண்டுகளை ஒழுங்கில்லாமல் இணைத்துத் தைத்தது. நடுவில் ஹவாய்க் கொடிகள், சுற்றிலும் நூலால் பின்னிய பெயர்கள், தேதிகள். ராணியும் கூட இருந்த பெண்களும் தைத்தார்கள். குனிந்து படித்தால் ஆட்சி பறிபோன நாள்களே அதில் இருப்பது தெரியும். சிறையில் செய்தித்தாள் அனுமதி இல்லை. தோட்டத்துப் பூக்களைச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே அனுப்புவார்கள், பூவோடு சேதியும் போய்விடும். குமுலிபோவை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையையும் ராணி அங்கே தொடங்கினார், 1897ல் நூலாக வந்தது. அம்மாவுக்குத் தையல் தெரியும் என்றால் அந்தப் பெட்டியைவிட்டு நகர மாட்டார், நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எது உறுதி, எதில் வாதம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே வழிகாட்டிகள் ஆளுக்கு ஒரு அழுத்தத்தோடு பேசுவார்கள். படை இறங்கியது, ராணி சிறை இருந்தது, 1897ல் அமெரிக்காவுடன் இணைப்பதை எதிர்த்து 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது, அதன்பின் ஒப்பந்தம் நிறைவேறாமல் 1898ல் காங்கிரஸ் தீர்மானம் ஒன்றின் மூலம் இணைத்துக்கொண்டது, இவையெல்லாம் ஆவணத்தில் இருப்பவை. 1993ல் அமெரிக்க காங்கிரஸே மன்னிப்புத் தீர்மானம் போட்டு, கிளின்டன் கையெழுத்திட்டார். ஆட்சிக் கவிழ்ப்பில் அமெரிக்கத் தூதரின் பங்கு எவ்வளவு என்பதில் அன்றைக்கே இரண்டு அறிக்கைகள் எதிரும் புதிருமாக வந்தன. பிளவுன்ட் அறிக்கை அவரைக் குற்றம் சாட்டியது, மார்கன் அறிக்கை விடுவித்தது. ஹவாய் இன்றும் சட்டப்படி ஆக்கிரமிக்கப்பட்ட நாடு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் தீவுகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் மதிப்பீடுதான். 3 லட்சம் என்பாரும் உண்டு, 8 லட்சம் என்பாரும் உண்டு. 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தாரையும் சேர்த்து ஹவாய்க்காரர்கள் 40,000 சொச்சம்தான் என்பது மட்டும் நிச்சயம். வெளியிலிருந்து வந்த நோய்கள் அப்படி வாரிக்கொண்டு போயின. மைதானத்தில் இருக்கும் பெரிய ஆலமரத்தை ராணி கபியோலானி நட்டார் என்பார்கள். அதைச் செவிவழிக் கதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. விடுதிகள் நிறைந்த வைகீகீ கடற்கரைப் பகுதியிலிருந்து பஸ்ஸில் போகலாம், நகரின் நடுவில் கிங் தெருவில் இருக்கிறது. எல்லா நாளும் திறப்பதில்லை. நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் அரண்மனையின் இணையதளத்தில் பார்த்து முன்பதிவு செய்துகொண்டு போங்கள். காதில் மாட்டும் ஒலி வழிகாட்டியும் உண்டு, ஆள் கூட வந்து சொல்வதும் உண்டு. விலை கொஞ்சம் கூடினாலும் ஆள் வருவதையே எடுங்கள், உங்கள் பெற்றோருக்கு நீங்கள் உடனுக்குடன் தமிழில் சொல்ல அதுதான் வசதி. செருப்புக்குமேல் துணி உறை மாட்டச் சொல்வார்கள், தரையைக் காப்பாற்றத்தான். மாடி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நாற்காலி, திரை எதையும் தொடக்கூடாது. முழுசாகப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும், நிலவறையை அவசரப்படாமல் பார்க்க இன்னும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் வேலி போட்ட ஒரு மண்மேடு இருக்கிறது, ஏறிப் படம் எடுக்காதீர்கள். லண்டனில் தட்டம்மை கண்டு 1824ல் இறந்த இரண்டாம் கமேஹமேஹாவையும் அவர் ராணியையும் முதலில் அடக்கம் செய்த இடம் அது. 1865ல் உடல்களை மவுனா அலா என்ற அரச கல்லறைக்கு எடுத்துச் சென்றார்கள், இருந்தாலும் அது இன்றும் புனித இடம். மேலே கொடிக் கம்பத்தைப் பாருங்கள், ஹவாய்க் கொடி மட்டும் பறக்கும். மூலையில் பவளக் கற்களால் கட்டிய பழைய படை வீடு, புதிய சட்டமன்றம் கட்டும்போது கல் கல்லாகப் பிரித்து 1965ல் இங்கே நகர்த்திக் கட்டியது. தெருவைக் கடந்தால் முதலாம் கமேஹமேஹாவின் பொன்னிறச் சிலை. அதற்கு முன் செய்த அசல் சிலை, கப்பலோடு கடலில் மூழ்கிப் பின் மீண்டு, இப்போது 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவின் கோஹாலாவில் நிற்கிறது, இங்கே இருப்பது இரண்டாவது வார்ப்பு. மதியத்துக்கு மேல் தெம்பு இருந்தால் பிஷப் அருங்காட்சியகம் போங்கள். மன்னர் காலத்துச் சிறகு மேலங்கிகளும், கடலோடிகளின் பொருள்களும் அங்கேதான் அதிகம். அரண்மனை மன்னராட்சியின் கடைசிக் காலக் கதையைத்தான் சொல்கிறது, அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளுக்கு அங்கேதான் போக வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் வெள்ளிக்கிழமை போகப் பாருங்கள். 1836ல் தொடங்கிய ராயல் ஹவாயன் பாண்டு வழக்கமாக வெள்ளி மதியம் அந்த முடிசூட்டு மண்டபத்தில் இலவசமாக வாசிக்கும், போகுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். 1893ல் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து வேலையை விட்டவர்கள் இந்தக் குழுவின் ஹவாய்க் கலைஞர்கள். கையெழுத்துப் போடாவிட்டால் கல்லைத்தான் தின்ன வேண்டும் என்று மிரட்டியபோது, கல்லையே தின்கிறோம் என்ற பொருளில் எழுந்த பாட்டு 'கௌலானா நா புவா'. இன்றும் அதைப் பாடுகிறார்கள். வெயில் சுடும், மர நிழலில் உட்கார ஒரு விரிப்பு எடுத்துப்போங்கள்.